நாட்டு மாடெல்லாம் தூய இனமல்ல

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தெருவில் திரியும் மாடுகளைப் பார்ப்போர் 'நாட்டு மாடு', 'ஜெர்சி மாடு' என இரண்டாகப் பிரிப்பதே வழக்கமெனினும், கால்நடை அறிவியல் அவற்றைத் தூய இனம், கலப்பினம், எந்த இனத்திலும் சேராதவை என மூன்றாகப் பகுக்கிறது. இவற்றுள் மூன்றாம் வகையே, திமில் இருக்கும் ஒரே காரணத்தால், பலராலும் தூய இனமாகக் கொள்ளப்படுகிறது.

தூய இனம் என்பது, பல தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே இணைசேர்ந்து, நிறம், கொம்பு, உடலமைப்பு ஆகியவற்றில் தம்மை ஒத்த கன்றுகளையே ஈனும் மாட்டுக் கூட்டமாகும். காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறமடைவதும், உம்பளாச்சேரிக் கன்று முகத்திலும் கால்களிலும் வெள்ளைக் குறிகளோடு பிறப்பதும் இவ்வாறு நிலைபெற்ற மரபுக்கூறுகளே. இத்தகைய இனங்களை இந்தியாவில் பதிவு செய்யும் பணி, ஹரியானாவின் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்துக்கு உரியது.

எனினும் தோற்றம் தூய்மைக்கு முழுச் சான்றாகாது. தாய் தந்தையரையும் அவற்றின் முன்னோரையும் காட்டும் வம்சாவளிப் பதிவேடே உறுதியான சான்று. சென்னைக்கு வடக்கேயுள்ள நெல்லூர், ஓங்கோல் வட்டாரங்களின் ஓங்கோல் மாடு பிரேசிலுக்குச் சென்று 'நெலோர்' எனப் பெயர் பெற்றபோது, அங்குள்ள வளர்ப்போர் 1938 முதல் பதிவேடு பேணி அந்த வழியைக் காத்தனர்.

இரு வேறு இனங்கள் சேர்ந்து பிறப்பது கலப்பினம். தமிழகச் சமவெளிகளில் ஜெர்சியும் குளிர்ந்த மலைப்பகுதிகளில் ஹோல்ஸ்டீன் பிரீசியனும் இதற்குப் பயன்படுகின்றன. நாட்டுப் பசுவுக்கும் தூய ஜெர்சி காளைக்கும் பிறக்கும் கன்றில் இரு தரப்பு மரபும் பாதிப் பாதியாக அமைவதால், பெற்றோரின் சராசரியை விஞ்சும் 'கலப்பின வீரியம்' அதில் உச்சத்தில் இருக்கும்; அத்தகைய கலப்பினங்கள் தமக்குள்ளேயே இணையும்போது அவ்வீரியம் பாதியாகக் குறைவதோடு, கன்றுக்குக் கன்று பண்புகளும் வேறுபடும். மாறாக, கலப்பினப் பசுவைத் தலைமுறைதோறும் ஒரே தூய இனத்தின் காளைகளோடு சேர்த்துவந்தால், அவ்வினத்தின் பங்கு 50, 75, 87.5, 93.75 என உயர்ந்து, ஐந்தாம் தலைமுறையில் ஏறத்தாழ 96.9 விழுக்காட்டை எட்டும். இம்முறை 'தரம் உயர்த்துதல்' எனப்படும்.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த ஏறத்தாழ 19.25 கோடி மாடுகளில் 5 கோடி அயலினமும் கலப்பினமும் ஆகும், எஞ்சிய 14.2 கோடி நாட்டு மாடுகளிலும் பெரும்பகுதி எந்த இனத்திலும் சேராதவையே. தெருவில் உலவும் ஏதோ ஒரு காளையோடு பசு இணைசேரும் நகர்ப்புறத்தில் கன்றின் தந்தைவழியை அறியவே இயலாது.

சினை ஊசி போடும்போது இந்நிலை மாறுகிறது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைக்கப்படும் 0.25 மில்லிலிட்டர் விந்துக் குச்சியில் காளையின் எண்ணும் இனமும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பசுவின் காதுவில்லையிலுள்ள 12 இலக்க எண்ணோடு சேர்த்துத் தலைமுறைதோறும் பதிந்துவந்தால் மட்டுமே, எண்ணூரில் மாடு வாங்குபவரும் விற்பவர் சொல்லும் இனப்பெயரைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.