முகவரி இழந்த புத்தகம்

சுங்கைப் பட்டாணியில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் அலமாரியில்தான் அந்தச் சிறுகதைத் தொகுப்பைப் பார்த்தேன். எழுபதுகளில் வந்தது. கம்பித் தையல் துருவேறி, தாளெல்லாம் பழுப்புக் கறை. பின்னட்டையில் எழுதியவரின் முகவரி: பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டம். இன்று அந்தத் தோட்டம் இல்லை. லயங்களை இடித்து வீடமைப்புப் பகுதி கட்டிவிட்டார்கள். எழுதியவர் 1988இல் இறந்துவிட்டார். பிள்ளைகள் எந்தப் பட்டணத்துக்குப் போனார்களோ, விசாரித்த இடத்தில் எல்லாம் கையை விரித்தார்கள்.

மறுபதிப்புக்கு யாரிடம் அனுமதி கேட்பது? நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த பிறகும் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அதாவது 2038 முடியும்வரை. அந்தத் தாள் அதுவரை தாங்காது.

இந்த 50 ஆண்டையும் 70 ஆக்கும் விதி பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் இருந்தது. 2017இல் அமெரிக்கா விலகியதும் மற்ற நாடுகள் அந்த விதியை நிறுத்திவைத்தன. 2022இல் மலேசியா ஒப்பந்தத்தை ஏற்றபோது அந்தச் சுமை நம் தலையில் ஏறவில்லை. இனியும் ஏறக்கூடாது.

பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கையில் நாம் இருப்பதால் 50க்குக் கீழே இறங்கவும் முடியாது. ஆனால் வேறு வழி உண்டு. பாரதி மறைந்தது 1921இல். சட்டப்படி காத்திருந்தால் 1971 ஆகியிருக்கும். சென்னை மாகாணத்தின் ஓமந்தூரார் அரசு 1949இலேயே உரிமையை வாங்கியது, பின்னர் அது மக்களுக்கே வந்தது. அதன்பின் எத்தனையோ பேரின் நூல்களைத் தமிழ்நாடு நாட்டுடைமை ஆக்கி, குடும்பங்களுக்குப் பரிவுத்தொகை கொடுத்திருக்கிறது.

உரிமையாளரே அகப்படாவிட்டால்? இந்தியச் சட்டத்தின் 31ஏ பிரிவு அதற்கும் இடம் தருகிறது: நாளிதழில் விளம்பரம் செய்து, விண்ணப்பித்து உரிமம் பெற்று, உரிமத்தொகையைப் பொதுக் கணக்கில் கட்டிவிட்டு அச்சிடலாம். பின்னால் வாரிசு வந்தால் பணம் அவருக்கு. யார் வயிற்றிலும் அடிக்காத ஏற்பாடு இது. தோட்டம் விட்டுத் தோட்டம், பட்டணம் விட்டுப் பட்டணம் சிதறிய நம்மைவிட இது அவசரமாகத் தேவைப்படுபவர்கள் யார்?

"தம்பி, இதைக் கொடுத்தனுப்ப மனசு வரல. இங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்குங்க," என்றார் ஆசிரியர். சொந்தப் படிப்புக்கு நியாயமான அளவில் படியெடுக்கச் சட்டம் விடுகிறது. கைப்பேசியில் பக்கம் பக்கமாக எடுத்தேன். ஏழாவது கதையின் கடைசிப் பக்கத்தைச் செல் அரித்திருந்தது.