நரம்பு நோயும் நாட்குறிப்பும்

நோய்களை அவற்றின் நடையைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை, விரைந்து வந்து விரைந்து முடிவது. வாந்திபேதி கண்டவனுடைய கதி இரண்டொரு நாளில் தெரிந்துவிடும். மற்றொரு வகை, ஓசையின்றி வந்து, ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி, சிறிது சிறிதாக வளர்வது. நரம்பு மண்டலத்தைப் பற்றும் நோய்களுள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்து அளந்துவிட முடியாது. அவற்றின் வளர்ச்சியை எவ்வாறு பின்தொடர்வது, அந்தப் பணியில் நோயாளிகளுக்கே என்ன பங்கு உண்டு என்பவற்றை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வசிக்கும் பாரிவாக்கம் பூந்தமல்லியை அடுத்த ஊர். இங்கே ஓர் ஏரி உண்டு. கோடையில் அதன் நீர் நாளும் குறைந்துகொண்டே வரும். ஆனால் நாள்தோறும் கரைவழியே செல்பவரைக் கேட்டால், நேற்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது என்பார். மூன்று மாதம் வெளியூர் சென்று திரும்பியவரோ, தண்ணீர் எங்கே போயிற்று என்று வியப்பார். இருவர் சொல்லும் உண்மைதான். ஆயினும் இரண்டினாலும் பயன் இல்லை. சிறிது தொலைவில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியைப் பாருங்கள். அதன் முழு ஆழம் 24 அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியாதலால், நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து எழுதி வைக்கிறார்கள். அந்த எண்களை வரிசையாகப் பார்த்தால், நீர் எந்த வேகத்தில் இறங்குகிறது, எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். மெல்ல வளரும் நோய்க்கும் இத்தகைய அளவுகோல் தேவை.

இனி நோயைப் பற்றிக் காண்போம். நாம் கையை உயர்த்த நினைத்த உடனே கை உயர்கிறது. மூளையிலிருந்து புறப்படும் கட்டளை தண்டுவடத்தின் வழியே இறங்கி, அங்குள்ள நரம்பணுக்களை அடைகிறது. அவற்றின் நீண்ட இழைகள் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசேர்க்கின்றன. இந்தப் பணியைச் செய்யும் அணுக்களை இயக்க நரம்பணுக்கள் என்பர். இவை ஒவ்வொன்றாக மடிந்தால், கட்டளை பெறாத தசை மெலிகிறது, வலுவிழந்து துடிக்கிறது. தொடக்கத்தில் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. பிறகு எழுதுகோல் நழுவும். அப்பால் பேச்சும் விழுங்குதலும் தடுமாறும். இறுதியில் மூச்சு வாங்கும் தசைகளே தளர்ந்துபோகும். பாரிஸ் நகரத்து மருத்துவராகிய சார்கோ 1869ஆம் ஆண்டில் இந்த நோயின் முதன்மையான வடிவத்தை விவரித்தார். அவ்வடிவம் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. அது தொடங்கி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பலர் இறந்துவிடுகின்றனர்.

இங்கேதான் நம் சென்னையின் கதை தொடங்குகிறது. 1950ஆம் ஆண்டில் டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். நரம்பு நோயாளிகள் தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அங்கே வரலாயினர். அவர்களுள் சிலரிடம் ஒரு புதுமை காணப்பட்டது. தசை மெலிவு இருந்தது. ஆனால் வந்தவர்கள் முதியோர் அல்லர், இளைஞர்கள். முகத் தசைகளும் நாவின் தசைகளும் தளர்ந்திருந்தன. பலருக்குக் காதும் கேட்கவில்லை. 1970ஆம் ஆண்டில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் இந்த நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அது முதற்கொண்டு, இந்த நோய் உலக மருத்துவ நூல்களில் நம் நகரத்தின் பெயராலேயே, 'மதராஸ் இயக்க நரம்பணு நோய்' என்று வழங்கி வருகிறது.

ஒரு நோய்க்கு ஊரின் பெயர் கிடைப்பது பெருமைக்கு உரியதா என்று நீங்கள் கேட்கலாம். பெருமை பெயரில் இல்லை. அதனால் விளைந்த பயனில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். அவன் கைகள் மெலிகின்றன. சார்கோ விவரித்த நோய் இதுவே என்று முடிவுசெய்தால், அவனுக்கு எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே என்று பெற்றோர் கலங்குவர், படிப்பை நிறுத்துவர், திருமணப் பேச்சை விடுவர். ஆனால் மதராஸ் வடிவம் மிக மெதுவாக நடக்கும் நோய். அது கண்டவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்வதுண்டு. இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றும். அவற்றின் நடையோ முற்றிலும் வேறு. நடையை அறிய, ஆண்டுக்கணக்காக உடன் சென்றே தீரவேண்டும்.

அவ்வாறு உடன் சென்றவர்களும் உண்டு. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவக் கழகத்தார், 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் தங்களிடம் வந்த 116 மதராஸ் நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆண்டுக்குச் சராசரி மூன்று பேர் என்ற அளவிலேயே இந்நோயாளிகள் வருகின்றனர். ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் காண்பது ஒரு சிலரையே. பலருடைய குறிப்புகளை ஓரிடத்தில் சேர்த்தபோதுதான் நோயின் முழு உருவம் தெரிந்தது.

சிதறிக் கிடப்பவர்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் இந்த முறை பழமையானது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு அவர் கொண்ட ஆதாரம் ஆறு நோயாளிகளே. அவர்களுள் சிலரை வீதியில் கண்டே குறித்துக்கொண்டார். ஒருவர் நோயின் தொடக்கத்தில் இருந்தார். வேறொருவர் முற்றிய நிலையில் இருந்தார். அவர்களை வரிசைப்படுத்தியதும் நோயின் பாதை புலப்பட்டது. இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது.

எனினும், வரிசைப்படுத்த வேண்டுமானால் எல்லாரும் ஒரே அளவுகோலைக் கொள்ள வேண்டும். ஒருவர் 'கொஞ்சம் தளர்வு' என்றும், மற்றவர் 'பரவாயில்லை' என்றும் எழுதினால் ஒப்பிட இயலாது. இயக்க நரம்பணு நோய்க்கு இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோலில் 12 கேள்விகள் உள்ளன. பேச்சு, உமிழ்நீர், விழுங்குதல், கையெழுத்து, உணவு உண்ணுதல், உடை உடுத்தல், படுக்கையில் புரளுதல், நடத்தல், படியேறுதல் ஆகியவற்றோடு மூச்சு பற்றிய மூன்றும் சேரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு முதல் சுழி வரை மதிப்பெண்; மொத்தம் 48. இதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. நோயாளியோ வீட்டாரோ விடை சொல்லலாம். அயல்நாட்டார் உணவைக் கத்தியால் அறுக்க முடிகிறதா என்று கேட்பர். நம் வீடுகளில், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுசெல்ல முடிகிறதா என்று கேட்பதே பொருந்தும். மாதந்தோறும் கூட்டுத் தொகையைக் குறித்துவந்தால், எண் இறங்கும் வேகம் நோயின் வேகத்தைக் காட்டிவிடும்.

இந்த எளிய எண்கள் ஒருமுறை பெரிய வேலை செய்தன. 2008ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் சிலர், லித்தியம் என்னும் மருந்து இந்த நோயைத் தடுக்கிறது என்று அறிவித்தனர். அவர்கள் ஆராய்ந்தோர் 44 பேர். மருந்து உண்டவர் 16 பேரே. கேட்ட நோயாளிகள் பொறுப்பார்களா? மரணத்தை எதிரே கண்டவர்கள் பலர் தாமாகவே மருந்தை வாங்கி உண்ணத் தொடங்கினர். அமெரிக்காவில் ஹேவுட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள், தம் உடன்பிறந்தான் இந்நோயால் வாடியதைக் கண்டு, 2004ஆம் ஆண்டில் நோயாளிகள் தங்கள் நிலையைப் பதிந்துவைக்க ஓர் அமைப்பை நிறுவியிருந்தனர். அங்கே லித்தியம் உண்டவர்களின் எண்கள் குவிந்தன. அவ்வாறு உண்ட 149 பேரையும், மருந்து உண்ணாத 447 பேரையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். மருந்துக்கு முன் யாருடைய நோய் ஒரே வேகத்தில் நடந்ததோ அவர்களையே இணைசேர்த்தனர். ஓராண்டு கழிந்தும் இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முறைப்படி நடந்த மருத்துவமனைச் சோதனைகளும் அதையே மெய்ப்பித்தன. பொய்யான நம்பிக்கை ஒன்று நீங்கியது. நஞ்சாகக் கூடிய மருந்தை வீணே உண்பதினின்றும் பலர் தப்பினர்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. மிகவும் நலிந்தவர் எழுதுவதை நிறுத்திவிடுவர். அதனால் எஞ்சியவர்களின் கணக்கு, நோய் உண்மையில் இருப்பதைவிட மென்மையானது என்று காட்டும். மருந்து உண்பவர், குணம் காண வேண்டும் என்ற ஆவலில் ஒரு மதிப்பெண் கூட்டியும் போடுவர். சரியான நோய்க்குத்தான் மதிப்பெண் இடுகிறோமா என்பதை மருத்துவரே தெளிவிக்க வேண்டும். இது வெறும் எச்சரிக்கை அன்று. மதராஸ் நோயைப் போலவே செவியையும் முகத்தையும் பற்றும் மற்றொரு நோய் உண்டு. ரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்தை உடலுக்குள் கொண்டுசெல்லும் புரதம் பழுதுபடுவதே அதன் காரணம் என்று 2010ஆம் ஆண்டிலும் அதை அடுத்தும் கண்டறிந்தனர். அந்த உயிர்ச்சத்தை மிகுதியாகக் கொடுத்தால் நோய் நிற்கிறது. சிலர் தேறியும் வருகின்றனர். ஆகவே காது கேளாமையும் தசை மெலிவும் சேர்ந்து வந்தால், வீட்டுக் குறிப்போடு நின்றுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் செல்வது கட்டாயம்.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலோ சுற்றத்திலோ இத்தகைய நெடுநோயாளி ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று அவர் எழுதிய ஒரு வரியை அதில் வாங்கி வையுங்கள். எத்தனை படி ஏறினார், ஒரு கவளம் விழுங்க எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்த மருந்தை எப்பொழுது தொடங்கினார் என்பவற்றைத் தேதியோடு எழுதுங்கள். கண்டதை எழுதுங்கள், விரும்பியதை எழுத வேண்டாம். மருத்துவர் அவரைப் பார்ப்பது சில நிமிடங்களே. நீங்களோ ஆண்டு முழுவதும் உடனிருக்கிறீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை அவர் முன் வைத்தால், இந்த நோய் விரைந்து செல்வதா, மெல்ல நடப்பதா என்னும் கேள்விக்கு அவர் ஊகத்தால் விடை சொல்ல வேண்டியதில்லை. அந்த விடையைப் பொறுத்தே ஓர் இளைஞனின் படிப்பும் வாழ்வும் அமையக்கூடும்.