தமிழ் வசன வரி திரையில் வராதது ஏன்?

ஆங்கில சப்டைட்டில் ஒழுங்காக வருகிறது. அதே காணொளியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் வரிசையாகக் காலிக் கட்டங்கள். வீட்டுத் தொலைக்காட்சியோடு மீடியா பிளேயர் பெட்டியை இணைத்து வைத்திருப்பவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். "தமிழ் வராது போலிருக்கிறது" என்று விட்டுவிடுவது எளிது. ஆனால், காரணத்தைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

எங்கள் வீட்டில் இது விட்டுவிடக்கூடிய விஷயமாக இல்லை. தாத்தாவின் தங்கை, நாங்கள் சின்னப் பாட்டி என்று அழைப்பவர், செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் தம் சிறுவயது நாள்களைப் பற்றிப் பேசியதை 40 நிமிடக் காணொளியாக எடுத்தோம். தமிழ் சரளமாக வராத என் சித்தி பிள்ளைகளுக்காக ஆங்கில வசன வரி எழுதினோம். தாத்தாவுக்கோ இப்போது காது அதிகம் கேட்பதில்லை. ஆங்கிலம் படிக்கமாட்டார். ஆனால், தமிழ் நாளிதழைத் தினமும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர். தமிழ் வசன வரி திரையில் தெரிந்தால்தான் தங்கை சொல்வது அவருக்குப் புரியும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

முதலில் பெயரைப் பாருங்கள்

வசன வரிகள் பெரும்பாலும் எஸ்ஆர்டி என்ற வகைக் கோப்பில் இருக்கும். இது வெறும் எழுத்துக் கோப்புதான். முதல் வரியில் வரிசை எண். அடுத்த வரியில் வசனம் தோன்றும் நேரமும் மறையும் நேரமும், எடுத்துக்காட்டாக 00:01:12,400 --> 00:01:15,900 என்று இருக்கும். அதன்கீழ் வசனம். பிறகு ஒரு வெற்று வரி. யாரும் கையாலேயே எழுதிவிடலாம்.

காணொளிக் கோப்பும் வசனக் கோப்பும் ஒரே கோப்புறையில், ஒரே பெயரில் இருந்தால்தான் பல பிளேயர்கள் வசனத்தைத் தாமாகவே கண்டுபிடிக்கும். பெயரில் ஓர் இடைவெளி கூடினாலும் தேடாமல் போகலாம். இரண்டு மொழிகள் இருந்தால், பெயரின் இறுதியில் ஒரு புள்ளி வைத்து மொழிக் குறியைச் சேர்க்க வேண்டும். தமிழுக்கு உரிய அனைத்துலகக் குறி 'டிஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். பெயர் சரியாக இருந்தும் எதுவும் தெரியவில்லை என்றால், ரிமோட்டில் சப்டைட்டில் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் விஎல்சி பயன்படுத்துவோர் 'வி' விசையை அழுத்தி வசன வரிகளை மாற்றிப் பார்க்கலாம்.

எழுத்துக்குப் பின்னால் ஓர் எண்

கோப்பு திறந்தும் தமிழ் வரவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது குறியாக்கம். கணினி எழுத்துகளை எண்களாகத்தான் சேமிக்கிறது. 1990களில் தமிழுக்கு டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்கள் இருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் படிக்க முடியாது. இதைப் பற்றி விவாதிக்க முதல் தமிழ் இணைய மாநாடு 1997ல் கூடியது நம் சிங்கப்பூரில்தான். அதை முன்னின்று நடத்தியவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி.

இன்று பொதுவாகப் பயன்படுவது யூனிகோட். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'க' எழுத்தின் எண் 2965. அந்த எண்ணைக் கோப்பில் எழுதும் முறைகளில் ஒன்று யுடிஎஃப்-8. இதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் தேவை. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட் போதும். அந்த ஒரு பைட்டும் பழைய குறியாக்கங்களில் இருந்ததேதான். எனவே, குறியாக்கம் மாறிப்போனாலும் பெரும்பாலும் ஆங்கிலம் தப்பிவிடும், தமிழ் மாட்டிக்கொள்ளும்.

திரையில் தெரிவதை வைத்தே கோளாறை ஊகிக்கலாம். தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால், கோப்பு யுடிஎஃப்-8ல் இருக்கிறது, பிளேயர் வேறொன்று என நினைத்துக்கொண்டிருக்கிறது. பிளேயரின் அமைப்புகளில் சப்டைட்டில் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் போதும். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், பெரும்பாலும் சேமிக்கும்போதே தமிழ் அழிந்துவிட்டது. பழைய விண்டோஸ் நோட்பேடில் 'ஆன்சி' என்ற தெரிவில் சேமித்தால் இப்படி ஆகும். அழிந்ததை மீட்க முடியாது; மூலப் பிரதியிலிருந்து மீண்டும் சேமிக்க வேண்டும். 2019ல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து நோட்பேட் தானாகவே யுடிஎஃப்-8ல் சேமிக்கிறது.

கட்டங்கள் சொல்லும் செய்தி

காலிக் கட்டங்கள் வந்தால் மகிழ்ச்சி அடையலாம். எழுத்துகளின் எண்கள் பிளேயருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றை வரைந்துகாட்டும் எழுத்துருதான் இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். யுஎஸ்பியில் போட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகச் செருகியபோது கட்டங்கள் வந்தன. அந்தத் தொலைக்காட்சியில் எழுத்துருவை மாற்ற வழியே இல்லை. கோடி மென்பொருள் உள்ள மீடியா பெட்டியில் அந்த வசதி உண்டு. கூகலின் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இலவசமாகப் பதிவிறக்கி, அதன் எழுத்துருக் கோப்புறையில் வைத்து, சப்டைட்டில் அமைப்பில் தேர்ந்தெடுத்தேன். கட்டங்கள் எழுத்துகளாக மாறின.

எழுத்துரு இருந்தும் சில பழைய பிளேயர்களில் 'பெண்' என்ற சொல்லில் கொம்பு தவறான பக்கத்தில் போய் நிற்கும். யூனிகோட் நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் 'ப', பிறகு எகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இப்படி இடம் மாற்றி அடுக்கும் வேலையைத் தனி மென்பொருள் செய்கிறது. ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல மென்பொருள் ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றில் இதைச் செய்கிறது. ஆங்கிலத்தை இந்த அடுக்குவேலை இல்லாமலேயே படிக்க முடியும் என்பதால், பிளேயரில் அது விடுபட்டிருந்தாலும் ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இதற்கு மருந்து பிளேயரைப் புதுப்பிப்பது அல்லது மாற்றுவது.

எந்த வழியும் இல்லாத தொலைக்காட்சிக்கும் ஓர் உபாயம் உண்டு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் வசன வரியைப் படத்தோடு படமாகவே பதித்துவிடலாம். பிறகு எழுத்துரு தேவையில்லை. ஆனால், வசனத்தை அணைக்கவும் முடியாது. ஜோகூர் பாருவில் இருக்கும் அத்தைக்கு அப்படித்தான் தனிப் பிரதி செய்து கொடுத்தோம்.

உதடும் வரியும் ஒத்துப்போக

கடைசியாக நேரம். வசனம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவு முந்தினால் அல்லது பிந்தினால், மொத்தமாக நகர்த்தினால் போதும். விஎல்சியில் 'ஜி', 'எச்' விசைகளை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் 50 மில்லிவிநாடி நகரும். தொடக்கத்தில் ஒத்துப்போய், போகப்போக விலகினால் விநாடிக்கான படச்சட்டங்களின் எண்ணிக்கை வேறுபடுகிறது என்று பொருள். 25 சட்டங்களுக்கு எழுதிய வசனத்தை 23.976 சட்டங்கள் உள்ள காணொளியோடு சேர்த்தால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் விலகிவிடும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் திருத்தும்.

யார் எழுதுவது?

இங்கே தொலைக்காட்சியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஆங்கில வசன வரி வழக்கமாக வருகிறது. தமிழ்ப் பேச்சுக்குத் தமிழ் வரி கிடைப்பது அரிது. 'தமிழர்தானே, காதால் கேட்டுக்கொள்வார்' என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. காது கேளாத தமிழர்களும் இருக்கிறார்கள்.

சின்னப் பாட்டியின் பேச்சை நாங்கள் எழுத்துத் தமிழுக்கு மாற்றவில்லை. அவர் பேசியபடியே எழுதினோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்குமேல் வைக்கவில்லை. தாத்தாவின் கண்ணுக்கேற்ப எழுத்தைப் பெரிதாக்கினோம்.

காணொளி ஓடிக்கொண்டிருக்கையில் தாத்தா திடீரென்று, "அது தப்பு. அந்தக் கடை நம்ம வீட்டுக்குப் பின்னால இல்ல, முன்னால" என்றார். காணொளியை நிறுத்தச் சொல்லி, குடியிருப்பின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். குடும்பப் பேச்சில் வெகுநாளாகச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்தவர் அவர். அன்று மாலை அந்த வரைபடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. சின்னப் பாட்டி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டிலும் தாத்தா, பாட்டியின் காணொளி ஒன்று கைப்பேசியில் இருக்கும். முதலில் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். யுடிஎஃப்-8ல் சேமியுங்கள். காணொளியின் பெயரையே வசனக் கோப்புக்கும் கொடுங்கள். பிறகு வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டு, கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். மீதியை எழுதுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் உழைப்பு வீணாகாது.