பாட்டியின் கேக்கும் கறுப்பு டின்னும்

பாட்டியின் 70வது பிறந்தநாளுக்கு நானே பாண்டான் சிஃபான் கேக் செய்கிறேன் என்று சொல்லி, கடையில் வாங்கவிருந்த அம்மாவைத் தடுத்துவிட்டேன். அதற்காகவே ஒட்டாத பூச்சுள்ள கறுப்பு டின் ஒன்றை வாங்கினேன். விலை அதிகம் என்றால் தரமும் அதிகம் என்பது என் கணக்கு.

ஓவனில் கேக் அழகாக உப்பியது. செய்முறையில் சொன்னபடி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆறவைத்தேன். சில நிமிடங்களில் கேக் நழுவி மேசையில் விழுந்து அமுங்கிப்போனது. விருந்தினர் வரும் நேரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அடுத்த வாரமும் எனக்கு 70 வயசுதான். மறுபடியும் செய்மா,” என்றார் பாட்டி.

தவறு மாவில் இல்லை, டின்னில் என்று பிறகுதான் புரிந்தது. சிஃபான் கேக் அடித்த முட்டை வெள்ளைக்கருவின் நுரையால் எழும்புகிறது. டின்னின் பக்கங்களைப் பற்றிக்கொண்டுதான் அது மேலே ஏறும். கவிழ்க்கும்போதும் அந்தப் பிடியில்தான் தொங்கும். ஒட்டாத பூச்சில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. நடுவில் குழாயும் கழற்றக்கூடிய அடித்தட்டும் உள்ள, பூச்சில்லாத அலுமினிய டின்தான் இதற்கு ஏற்றது. அதில் வெண்ணெயும் தடவக்கூடாது.

பட்டர் கேக்குக்கு ஒட்டாத டின் பரவாயில்லை. ஆனால், கறுப்பு நிறம் வெப்பக் கதிர்வீச்சை அதிகம் உறிஞ்சும் என்று இயற்பியலில் படித்திருக்கிறோம் அல்லவா? நடுப்பகுதி வேகும் முன்பே ஓரம் சிவந்துவிடும். அதனால் செய்முறையில் உள்ள வெப்பநிலையைச் சுமார் 15 டிகிரி செல்சியஸ் குறைத்து, சற்று முன்னதாகவே வெந்துவிட்டதா என்று பாருங்கள். பூச்சுள்ள டின்னுக்குள் கத்தியால் கேக்கை வெட்டவும் கூடாது; பூச்சு கீறிவிடும்.

அளவுக்குக் கணிதம் உதவும். 8 அங்குல வட்ட டின்னின் ஆரம் 4, 6 அங்குல டின்னின் ஆரம் 3. இரண்டையும் வர்க்கப்படுத்தினால் 16, 9. ஆக, ஒரே உயரமுள்ள சிறிய டின்னில் பெரியதன் பாதியைவிடச் சற்று அதிகமான மாவுதான் கொள்ளும். எந்த டின்னானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நம் வீவக வீடுகளில் பலர் மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனைத்தான் பயன்படுத்துகிறோம். அதன் உட்புறத்தை அளந்த பிறகே டின் வாங்குங்கள். சூடான காற்று சுற்றிவர நான்கு பக்கமும் இடைவெளி வேண்டும்.

அடுத்த வாரம் சாதாரண அலுமினிய டின்னில் செய்தேன். ஒரு கண்ணாடிப் போத்தலின் கழுத்தில் டின்னைக் கவிழ்த்து, முழுவதும் ஆறும்வரை தொடவே இல்லை. கேக் விழவில்லை. ஓரத்தில் மெல்லிய கத்தியை விட்டு எடுத்து, முதல் துண்டைப் பாட்டியிடம் கொடுத்தேன்.

கறுப்பு டின்னையும் நான் தூக்கிப்போடவில்லை. அடுத்து அதில் வாழைப்பழ கேக் செய்யப்போகிறேன், 15 டிகிரி குறைத்து.