மஞ்சள் நோட்டீஸ் யாருக்குக் காவல்?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வியாபாரி கடனைக் கட்ட முடியாமல் நொடித்துப்போய் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்றால், சுருளிப்பட்டி டீக்கடைகளில் அன்றைக்கு வேறு பேச்சு இருக்காது. பன்னீர் திராட்சையை எடை போட்டு அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் பணம் என்ற துண்டுச் சீட்டோடு இருப்பவர், இனி கடன் கொடுத்தோர் பட்டியலில் ஒரு வரிசை எண்.

கம்பெனி திவாலானால் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது. கொரோனா வந்தபோது அதில் 10ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 2020 மார்ச் 25 முதல் ஓராண்டில் தவறிய தவணைக்காகக் கம்பெனிகள் மீது திவால் மனுவே போட முடியாதபடி செய்தார்கள். அவசரத்துக்குச் செய்தது, சரிதான். ஆனால் தேனியில் தனி மனிதர் நொடித்தால் அவருக்கு இன்னமும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். 500 ரூபாய்க் கடன் இருந்தாலே கடனாளி மனுப் போடலாம். நொடித்தவரின் தோட்டத்தில் கவாத்து வெட்டியவருக்கு நாலு மாதக் கூலி பாக்கியா? அதில் முன்னுரிமை மொத்தம் 20 ரூபாய்க்கு மட்டும். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. இன்று இரண்டு டீக்குக்கூடத் தடுமாறும்.

தவணையைத் தள்ளிவைப்பதிலும் இதே ஓரவஞ்சனைதான். இயற்கைப் பேரிடரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் போனால் பயிர்க்கடனை மாற்றியமைக்கலாம் என்றது ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதல். மழையில் பழம் வெடித்தால், அரசு பேரிடர் என்று அறிவித்தால், வழி உண்டு. கொடி நிறையக் காய்த்து விலை விழுந்தால்? அது பேரிடர் ஆகாது. விவசாயிக்கு இரண்டும் ஒரே நஷ்டம். நகை போவதும் ஒரே அடகுக்கடைக்குத்தான்.

இந்த மண்ணுக்கு நியாயம் தெரியாமலில்லை. தேனி மதுரை மாவட்டத்தோடு இருந்த 1938-இல், ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடனில், வட்டியும் முதலுமாக அசலைப் போல் இரு மடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது.

2016 சட்டத்தின் மூன்றாம் பாகத்தில் சிறு கடனாளிகளுக்குப் புதுத் தொடக்கம் தரும் ஏற்பாடு எழுதியே இருக்கிறது. சாதாரண ஆட்களுக்கு அது இதுவரை அமலுக்கு வரவில்லை. வந்தாலும் ஆண்டு வருமானம் 60,000, கடன் 35,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, சொந்த வீடும் கூடாது. ஓட்டு வீடு வைத்திருக்கும் கம்பம் விவசாயி அந்த வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அந்த வரம்பை உயர்த்தி, அந்தப் பாகத்தை அமலுக்குக் கொண்டுவரச் சொல்லி தேனி எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.