கூடி ஒலிக்கும் மணிகள்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் பழைமையான தேவாலயங்களைக் காணலாம். அவற்றின் கோபுரங்களில் ஆறு அல்லது எட்டு மணிகள் தொங்கும். ஞாயிறுதோறும் வழிபாட்டிற்கு முன்னர் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். அவற்றை ஒலிப்போர் ஊதியம் பெறும் பணியாளர் அல்லர். ஆசிரியர், உழவர், மாணவர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் விரும்பிச் சேர்ந்த மணியொலிப்போர் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆவர். லண்டன் மாநகரில் 1637ஆம் ஆண்டில் தோன்றிய இத்தகைய சங்கம் ஒன்று இன்றும் இயங்கி வருகிறது.

மணி இயங்கும் முறை

இம்மணிகள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய சக்கரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். சக்கரத்திலிருந்து ஒரு கயிறு கீழே இறங்கும். கயிற்றை இழுத்தால், தலைகீழாக நிற்கும் மணி முழுவட்டமாகச் சுழன்று மீண்டும் தலைகீழாக நிற்கும். ஒரு சுழற்சிக்கு ஒருமுறை ஒலி எழும். சில கோபுரங்களில் பெரிய மணியின் எடை ஒரு டன்னுக்கும் மேற்பட்டது. எனினும் அதனை இயக்க மிகுந்த உடல்வலிமை தேவையில்லை; கைப்பழக்கமே தேவை. மும்பையில் கொலாபாப் பகுதியிலுள்ள ஆப்கன் தேவாலயத்தின் கோபுரத்திலும் எட்டு மணிகள் உள்ளன.

எடைமிகுந்த மணியை நினைத்த நேரத்தில் நிறுத்தவோ விரைவுபடுத்தவோ இயலாது. ஆதலால் அம்மணிகளில் பாடலை இசைப்பது கடினம். அதற்கு மாற்றாக, மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றி மாற்றி அமைக்கும் கலை அங்கு வளர்ந்தது. மிகச் சிறிய மணி 1 என்றும், அடுத்தவை 2, 3 என்றும் எண்ணிடப்படும். மூன்று மணிகளை 123, 213, 231, 321, 312, 132 என ஆறு வரிசைகளில் ஒலிக்கலாம். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குச் செல்லும்போது எந்த மணியும் ஓரிடத்திற்கு மேல் நகர்வதில்லை. ஐந்து மணிகளுக்கு 120 வரிசைகளும், ஆறு மணிகளுக்கு 720 வரிசைகளும், ஏழு மணிகளுக்கு 5,040 வரிசைகளும் உண்டு. 5,040 வரிசைகளை ஒலித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஆகும். எட்டு மணிகளுக்குரிய 40,320 வரிசைகளையும் 1963ஆம் ஆண்டில் லஃபரோ நகரில் எட்டுப் பேர் இடைவிடாது ஒலித்தனர். அதற்கு ஏறத்தாழ 18 மணிநேரம் ஆயிற்று. ஒலிப்போர் ஏட்டைப் பார்ப்பதில்லை. வரிசைமாற்ற முறைகளை மனப்பாடம் செய்தே ஒலிக்கின்றனர்.

சங்கத்தின் ஓராண்டு

வாரத்தில் ஒருநாள் மாலையில் பயிற்சி நடைபெறும். புதியவர் கற்கும்போது ஊரார்க்கு இடையூறு நேராதபடி மணியின் நாவைக் கட்டிவைப்பதும் உண்டு. கயிறுகளையும் சக்கரங்களையும் ஒருவர் பேணி வருவார்.

ஈஸ்டர் திருநாளுக்கு முந்தைய வாரத்தில் பல கோபுரங்கள் அமைதி காக்கும். திருநாள் காலையில் மணிகள் அனைத்தும் ஒலிக்கும். கோடைக்காலத்தில் திருமணங்கள் மிகுதி. அக்காலத்தில் உறுப்பினர்கள் சுற்றுலா சென்று, ஒரே நாளில் பல ஊர்க் கோபுரங்களில் ஒலித்து மகிழ்வர். சங்கங்களுக்கிடையே போட்டியும் நடைபெறும். ஒலிக்கும் அணி எது என்று அறியாத நடுவர்கள், ஒலியை மட்டும் கேட்டுப் பிழைகளைக் கணக்கிடுவர்.

நவம்பர் மாதத்தில் போரில் உயிர்நீத்தோரை நினைவுகூரும் நாள் வரும். அன்று மணிநாவின் ஒரு பக்கத்தில் தோலுறை கட்டுவர். ஒருமுறை உரத்தும் மறுமுறை எதிரொலிபோல் மெலிந்தும் மணி ஒலிக்கும். டிசம்பரில் கிறித்துமஸ் விழாவும், 31ஆம் நாள் நள்ளிரவில் புத்தாண்டு வரவேற்பும் ஆண்டை நிறைவு செய்யும்.

மணிகள் ஒலிக்காத காலம்

இரண்டாம் உலகப்போரின்போது, 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் தேவாலய மணிகளை ஒலிக்கத் தடை விதிக்கப்பட்டது. பகைவர் நாட்டிற்குள் இறங்கினால் மட்டுமே எச்சரிக்கையாக ஒலிக்கலாம் என்பது ஆணை. எகிப்தின் எல் அலமைன் போர்வெற்றியைக் கொண்டாட 1942 நவம்பர் 15 அன்று மணிகள் ஒலித்தன. 1943ஆம் ஆண்டில் தடை நீங்கியது.

முதல் உலகப்போரில் மணியொலிப்போர் ஏறத்தாழ 1,400 பேர் உயிரிழந்தனர். அப்போர் முடிந்த நூறாம் ஆண்டாகிய 2018இல், அவர்களின் நினைவாக 1,400 புதியவர்கள் இக்கலையைக் கற்க வேண்டும் என்று அழைப்பு விடுக்கப்பட்டது. அவ்வெண்ணிக்கையினும் மிகுதியானோர் முன்வந்தனர். அவ்வழைப்புக்கு மற்றொரு தேவையும் இருந்தது. கோபுரமும் மணியும் கயிறும் இருந்தாலும், கற்றவர் இல்லையெனில் மணி ஒலிப்பதில்லை. முதியவர் ஒருவர் ஓய்வுபெறும்போது, அவர் கயிற்றைப் பற்ற ஓர் இளையவர் வேண்டும்.

எத்துணைத் திறமையாளராயினும் ஒருவர் தனித்து நின்று இவ்வரிசைகளை ஒலிக்க இயலாது. தம் மணியை மட்டும் கேட்பவர் தம் இடத்தைத் தவறவிடுவார். பிறர் மணிகளையும் கேட்பவரே உரிய நேரத்தில் கயிற்றை இழுப்பார். அவ்வாறு கேட்கப் பழகுவதற்காகவே அவர்கள் வாரந்தோறும் கோபுரப் படிகளில் ஏறுகின்றனர்.

சொல்லும் பொருளும்

நா – மணியினுள் தொங்கி ஒலி எழுப்பும் பகுதி
பேணுதல் – பாதுகாத்தல்
உயிர்நீத்தோர் – இறந்தோர்

விடை எழுதுக

1. இம்மணிகளில் பாடலை இசைப்பது ஏன் கடினம்?
2. நான்கு மணிகளை எத்தனை வரிசைகளில் ஒலிக்கலாம்? எழுதிப் பார்க்க.
3. 2018ஆம் ஆண்டில் விடுக்கப்பட்ட அழைப்பு யாது? அதன் தேவை என்ன?
4. பலர் கூடினால் மட்டுமே நிகழும் கலை ஒன்றை உங்கள் ஊரில் கண்டு, ஐந்து வரிகளில் எழுதுக.