வெண்பா (நிகழ்பட ஆட்டம்)

வெண்பா என்பது கனடாவின் தொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய, சமையல் சார்ந்த கதைவழி நிகழ்பட ஆட்டமாகும். இது 2023 சூலை 31 அன்று விண்டோஸ், நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேசன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கு வெளியானது.

கதை

1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவருடைய கணவர் பாவலன், கனடாவில் பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் பல ஆண்டு வாழ்க்கையை ஆட்டம் சொல்கிறது. வளர வளர, கவின் தமிழிலிருந்தும் தாயின் சமையலிலிருந்தும் விலகுகிறான். இந்த விலகலே கதையின் மையமாகும்.

ஆட்ட முறை

வெண்பா தன் தாயின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறார். அது கிழிந்தும் அழிந்தும் இருப்பதால், விடுபட்ட படிகளை ஆடுபவர் ஊகித்தறிய வேண்டும். ஆவி எல்லா இட்லிகளுக்கும் சேரும்படி தட்டுகளை அடுக்குவதும், புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்த் துருவலையும் முறையாக நிரப்புவதும் இத்தகைய புதிர்களாகும். ஓவர்குக்டு போன்ற சமையல் ஆட்டங்களில் உள்ள நேரக் கட்டுப்பாடு இதில் இல்லை; தவறினால் மீண்டும் முயலலாம். வளர்ந்த கவின் அதே குறிப்பேட்டைத் திறக்கும் பகுதியில், தமிழ் எழுத்தைப் படிப்பதே புதிராகிவிடுகிறது. சமைக்கும்போது வானொலியில் ஒலிக்கும் பாடல்கள் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசைப் பாணியில் அமைந்தவை.

வரவேற்பு

ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதைச் சில விமர்சகர்கள் குறையாகக் கூறினர். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்ட விருதையும், தனிநிலை ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மை விருதையும் வென்றது. வேகப் போட்டியை விடக் கதையை விரும்புவோருக்கு ஏற்றது.